எவார்ட் பார்க் வெண்கல வாள் நகல்: கலவையும் வாயும் சரி, ஆணியும் களிம்பும் சரியில்லை

வாங்கலாம். ஆனால் பிடிக்கட்டை பொருத்தாமல், செயற்கையாகப் பச்சைக் களிம்பு ஏற்றாமல், வெறும் வாளுடலாகக் கேட்டு வாங்க வேண்டும். பிரிட்டனில் உள்ள சிறு வார்ப்புப் பட்டறை ஒன்று செய்து அனுப்பும் இந்த வாளின் உலோகத்தில் இருக்கும் கவனம் அபூர்வமானது. அதை அழகுபடுத்தப் போன இடங்களில்தான் கெடுத்திருக்கிறார்கள்.

எவார்ட் பார்க் என்பது இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில் இருக்கும் இடம். அங்கே கிடைத்த வாள்களை வைத்து அந்த வகைக்கே அந்தப் பெயர் நிலைத்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 1000 முதல் 800 வரை. பிரிட்டனில் வெண்கலக் காலத்தின் கடைசிக் கட்டம். பிடியும் உடலும் சேரும் தோளை விட்டு இறங்கியதும் இடை சிறுத்து, நுனிப் பக்கம் மீண்டும் அகன்று, பிறகு சட்டென்று கூராக முடியும் இலை வடிவம். பிடியும் வாளுடலும் ஒரே வார்ப்பு. பிடிப் பகுதி தட்டையான நாக்குப் போல நீண்டிருக்கும், அதன் இரு ஓரமும் மெல்லிய வரம்பாக எழுந்திருக்கும், ஆணி அடிக்கத் துளைகள் இருக்கும்.

கைக்கு வந்த நகலின் அளவு: மொத்த நீளம் 62 செ.மீ., தோளிலிருந்து நுனி வரை 51 செ.மீ., அகலமான இடத்தில் 4.1 செ.மீ., நடுமுதுகின் தடிமன் 7 மி.மீ. பிடிக்கட்டையைக் கழற்றிய பின் எடை 715 கிராம். பழங்கால வாள் என்றால் இரண்டு மூன்று கிலோ இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எடை ஏமாற்றமாகத் தெரியலாம். அசல் எவார்ட் பார்க் வாள்களும் ஒரு கிலோவுக்குள் அடங்குபவைதான். 900 கிராமுக்கு மேல் நகல் வந்தால், வார்ப்பு ஓடி முடியாமல் போகுமோ என்ற பயத்தில் அச்சைத் தடிமனாக வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இந்தப் பட்டறை அந்தச் சுலப வழியில் போகவில்லை.

முதலில் கலவை. செம்பு 88, வெள்ளீயம் 12 என்று சொல்லி விற்கிறார்கள். இது நல்ல தேர்வு. வெள்ளீயம் 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வாய், அதாவது வெட்டும் ஓரம், நிற்காது. எலும்பில் பட்டாலே மடியும். 14ஐத் தாண்டினால் மடிவதற்குப் பதில் சில்லாகத் தெறிக்கும். காரணம் உலோகத்தின் உள்ளே இருக்கிறது. செம்பு தனக்குள் கரைத்துக்கொள்ளும் வெள்ளீயத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மிக நிதானமாக ஆறவிட்டால்கூட ஏறத்தாழ 16 விழுக்காடுதான். வார்ப்பில் உலோகம் வேகமாக உறைவதால், 8 விழுக்காட்டிலேயே வெள்ளீயம் மிகுந்த கடினமான நொறுங்கும் படிகங்கள் இடையிடையே தங்கிவிடுகின்றன. அவை வார்ப்புக்குக் கடினம் தருகின்றன, சுத்தியலுக்கு எதிரியாகின்றன. 10க்கும் 12க்கும் இடையில்தான் இரண்டு குணமும் சமாதானமாக இருக்கும். அசல் வாள்கள் பலவும் அந்த வட்டாரத்திலேயே இருப்பதைப் பார்த்தால், அந்தக் கொல்லர்கள் தராசில் நிறுத்துப் போட்டார்களோ நிறத்தைப் பார்த்துப் போட்டார்களோ, கைக்கணக்கு தப்பவில்லை.

ஈயத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். இது சிறு விலகல். கி.மு. 1150 வாக்கிலிருந்து தென்கிழக்கு இங்கிலாந்தில் வாள்களில் வேண்டுமென்றே ஈயம் சேர்த்தார்கள். எவார்ட் பார்க் காலத்திலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஈயம் சேர்த்தால் உருகிய உலோகம் மெல்லிய அச்சுக்குள் நன்றாக ஓடும். ஆனால் அது செம்பில் கரையாது. உறைந்த பின் நுண்ணிய உருண்டைகளாகத் தனித்து நிற்கும். சுத்தியலடி விழும்போது அந்த உருண்டைகளிலிருந்துதான் விரிசல் கிளம்பும். வீட்டில் வைத்துக் கையாளும் பொருளில் ஈயம் இல்லாததைக் குறை சொல்ல முடியாது. இதைவிடப் பழைய காலத்து ஆர்சனிக் கலந்த செம்பையும் பொதுவாக யாரும் நகலுக்குப் பயன்படுத்துவதில்லை. துருக்கியின் அர்ஸ்லான்தெபேயில் கிடைத்த ஒன்பது வாள்கள், உலகின் மிகப் பழைய வாள்களாகக் கருதப்படுபவை, அந்தக் கலவையில் ஆனவை. உருக்கும்போது எழும் புகை உயிரைக் குடிக்கும் நஞ்சு என்பதால் அதை விட்டுவிடுவதே முறை.

சொன்ன கலவைதான் வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று வழி உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

நிறம் முதல் வழி. யாருக்கும் தெரியாத இடத்தில், பிடிநாக்கின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், நுண்ணிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 5 விழுக்காடு வெள்ளீயம் என்றால் இன்னும் செம்பின் சிவப்புத் தெரியும். 10 முதல் 12 என்றால் வெளிர் செம்மை கலந்த பொன்நிறம். பித்தளை என்றால் எலுமிச்சை மஞ்சள், லேசாகப் பச்சை ஓடும். பக்கத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் கண்ணுக்கு உடனே பிடிபடும். இந்த வாளின் அரவிய இடம் பழைய தங்க மோதிரத்தின் நிறத்தில் இருந்தது.

இரண்டாவது அடர்த்தி. கட்டையும் ஆணியும் இல்லாத வெறும் உடலை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுக்கவும். பிறகு ஒரு முனை அடைத்த பிவிசி குழாயை நிமிர்த்தி நீர் நிரப்பி, மெல்லிய நைலான் நூலில் வாளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் முட்டாமல் மறுபடி நிறுக்கவும். எடைக் குறைவுதான் வாள் இடம்பெயர்த்த நீர். 715 கிராம் வாள் நீருக்குள் 633 கிராம் காட்டியது. 715ஐ 82ஆல் வகுத்தால் 8.7. வெள்ளீய வெண்கலத்துக்கு 8.7 முதல் 8.8 வரை வர வேண்டும். பித்தளையாக இருந்தால் எடை 84 அல்லது 85 கிராம் குறைந்திருக்கும். மொத்த வித்தியாசமே இரண்டு மூன்று கிராம்தான் என்பதால் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. நூலில் ஒட்டும் காற்றுக் குமிழியே கணக்கைப் புரட்டிவிடும். நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் குமிழி நிற்காது. இன்னொன்று: உள்ளே மூடிய காற்றுப்பொத்தல்கள் நிறைய இருந்தால் நல்ல வெண்கலமும் பித்தளையின் எண்ணைக் காட்டும். அப்போது கலவையில் சந்தேகம் தீர்ந்தாலும் வார்ப்பில் சந்தேகம் வரவேண்டும். துத்தநாக வார்ப்புக்குப் பொன்முலாம் பூசிய அலங்கார வாள்களை இந்தச் சோதனை கையும் களவுமாகப் பிடிக்கும். அவற்றின் அடர்த்தி 6.7 வாக்கில்தான் இருக்கும்.

மூன்றாவது, நகைக்கடைகளில் தங்கத்துக்கு வைத்திருக்கும் எக்ஸ் கதிர்க் கருவி, நாம் காரட் மீட்டர் என்பது. தங்கத்துக்கு அளவு திருத்தியது என்றாலும் செம்பு, துத்தநாகம், வெள்ளீயம் மூன்றையும் பிரித்துச் சொல்லும் கருவிகள் பல இருக்கின்றன. வாளின் அரவாத மேற்பரப்பில் வைத்தால் பொய் சொல்லும். வார்ப்பு உறையும்போது கடைசியில் உறையும் வெள்ளீயம் மிகுந்த திரவம் வெளிப்புறம் கசிந்து வருவதால், மேற்பரப்பில் வெள்ளீயம் கூடுதலாகவே இருக்கும். களிம்பு படிந்த இடத்தில் இன்னும் கூடும். அரவிய இடத்தில் மட்டும் வைத்துப் பார்க்கவும். துத்தநாகம் ஒரு விழுக்காட்டுக்கு மேல் காட்டினால், உலையில் பழைய பித்தளைத் துண்டு விழுந்திருக்கிறது.

அடுத்தது வார்ப்பு. பிரிட்டனில் அன்று இரு பாதிகளாகச் செய்த களிமண் அச்சில் வார்த்தார்கள். பட்டறை இறுகப் பிணைத்த மணல் அச்சைப் பயன்படுத்தியிருக்கிறது. இதில் பெரிய பிழை இல்லை. 12 விழுக்காட்டு வெண்கலம் 1000 டிகிரி வாக்கில் முழுதாக உருகிவிடும். ஊற்றுவது 1100க்கு மேலே. அச்சு குளிர்ந்திருந்தால் மெல்லிய ஓரத்தில் உலோகம் சேராமல் மடிப்பு விழும். உலோகம் அளவுக்கு மேல் காய்ந்தால், அல்லது கரியிலும் மூசையிலும் ஈரம் இருந்தால், ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு உறையும்போது அதைக் கக்கும், அதுதான் ஊசித்துளைகள். திறந்து வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளீயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடு ஆகி, மெல்லிய ஏடாக உள்ளே புதையும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏடுதான் பிறகு வாள் முறியும் கோடு.

பத்து மடங்கு உருப்பெருக்கியில் தேடவேண்டிய இடம் தோள். உடல் மெலிந்து, தோள் அகன்று, வரம்பு எழும் அந்தச் சந்திப்பில்தான் உலோகம் கடைசியாக உறையும், சுருங்கி உள்வாங்கும். இந்த வாளில் இடது தோள் துளைக்கு மேலே கடுகு அளவில் ஒரு குழி இருக்கிறது. ஊசியால் குத்திப் பார்த்தால் அரை மில்லிமீட்டரில் அடி தட்டுகிறது. ஆழம் இல்லாததால் விட்டுவிடலாம். ஊசி உள்ளே போய்க்கொண்டே இருந்தாலோ, குழிகள் வரிசையாகக் குறுக்கே ஓடினாலோ திருப்பி அனுப்புவதே சரி. பற்றவைத்து அடைத்துத் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாள் வளைந்தால் பற்றவைப்பின் ஓரத்தில்தான் பிளக்கும்.

வாய்தான் இந்த வாளின் பெருமை. வார்த்த 12 விழுக்காட்டு வெண்கலத்தின் கடினம் விக்கர்ஸ் அளவில் 100ஐ ஒட்டி இருக்கும். அதைச் சூடேற்றாமல் சுத்தியலால் அடித்து மெலித்தால் 200 வரை ஏறும். இரும்புக் காலத்துத் தொடக்கத்தில் கிடைத்த சாதாரண மெல்லிரும்பைவிட இது கடினம். இந்த ஏற்றம் முழுக்க முழுக்கச் சுத்தியல் தந்தது. சாணையில் தீட்டிக் கூர் ஏற்றிய வாளும், அடித்து மெலித்துக் கூர் ஏற்றிய வாளும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். கையில் எடுத்தால் முதலாவது பொம்மை. விற்பனையில் உள்ள நகல்களில் பெரும்பான்மை முதல் வகைதான்.

எஃகுக்குப் பழகிய நம் கண்ணுக்கு ஓர் இடத்தில் தடுமாற்றம் வரும். அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினம் ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கலவையில் அது நடக்காது; காய்ச்சினால் இளகும், நீரில் தோய்த்தாலும் இளகியபடியேதான் இருக்கும். வெள்ளீயம் 22, 23 விழுக்காடு இருக்கும் வெண்கலம் வேறு பிறவி. அதைச் சூட்டிலேயே அடித்து மெலித்து, சிவந்த சூட்டில் நீரில் தோய்த்தால் நொறுங்கும் குணம் தணியும். ஆதிச்சநல்லூரில் கிடைத்த மெல்லிய வெண்கலப் பாத்திரங்கள் அப்படிச் செய்தவை. அந்த முறையை வாளுக்குக் கொண்டுவர முடியாது, வாள் முறையைப் பாத்திரத்துக்கும் கொண்டுபோக முடியாது. இரண்டையும் குழப்பி "நீர்ப்பதம் ஏற்றிய வெண்கல வாள்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் வெள்ளீய விழுக்காட்டைக் கேளுங்கள். 10, 12 என்று பதில் வந்தால் அவர்களுக்குத் தங்கள் உலோகமே தெரியவில்லை.

வார்த்த வாளை அப்படியே எடுத்து அடிக்கவும் முடியாது. முன்சொன்ன நொறுங்கும் படிகங்கள் பத்துப் பதினைந்து அடியில் ஓரத்தைக் கிழித்துவிடும். முதலில் 650 முதல் 700 டிகிரி, மங்கிய சிவப்பில், ஒரு மணி நேரம் வைத்து இளக்க வேண்டும். படிகங்கள் செம்புக்குள் கரைந்து போகும். ஆறிய பிறகு அடிக்க வேண்டும். சிவந்த சூட்டில் அடித்தால் இந்தக் கலவை அப்பளம் போல உடையும். அடியில் இறுகி ஓசை மாறியதும் நிறுத்தி மறுபடி இளக்கி, மறுபடி அடித்து, கடைசிச் சுற்றில் மட்டும் இளக்காமல் விட வேண்டும்.

இந்தப் பட்டறை அதைச் செய்திருக்கிறது என்பதற்கு அடையாளம் வாயிலேயே இருக்கிறது. இரு பக்கமும் ஓரத்தை ஒட்டி 6 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தப் பட்டை கண்ணாடிபோல நேராக இல்லை. கட்டைவிரல் நகத்தளவில் அடுத்தடுத்து மிக லேசான குழிவுகள், ஒன்றன் ஓரம் மற்றதன் மேல் ஏறியபடி. சாணையில் அப்படி வராது. ஊசிமுனையை ஒரே அழுத்தத்தில் நடுமுதுகிலிருந்து ஓரம் வரை இழுத்தால், கீறல் பட்டைக்குள் நுழைந்ததும் மெலிகிறது. தோளுக்குக் கீழே இரண்டு விரல் நீளத்துக்கு வாய் இல்லாமல் மொட்டையாக விட்டு, அது தொடங்கும் இடத்தில் சிறு வெட்டு வைத்திருப்பதும் அசலில் உள்ளபடியே. அங்கே பட்டை தொடங்கவில்லை. கீறலின் அகலமும் மாறவில்லை.

வெட்டிப் பார்த்ததில், வாழைமரத்தில் இருபது வீச்சுக்கும் வாய் அசையவில்லை. இலை வடிவத்தின் பயன் இங்கே தெரிகிறது: கனம் முன்னே இருப்பதால் கையின் வேகத்தை வாளே எடுத்துக்கொள்கிறது. வாழைச்சாறு காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கறுப்புக் கறை ஏறும். காய்ந்த மூங்கிலில் நான்காவது வீச்சில் ஓரிடத்தில் வாய் அரை மில்லிமீட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இது குறையல்ல, வெண்கலத்தின் நல்ல குணம், தெறிக்காமல் மடிகிறது. மடிந்ததை அரத்தால் எடுத்துவிடாதீர்கள். வழுவழுப்பான சிறு அடைகல்லின் ஓரத்தில் வைத்து, 200 கிராம் உருண்டைமுகச் சுத்தியலால், எதிர்ப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு லேசான அடி கொடுத்தால் நேராகிவிடும். பிறகு நுண்சாணைக்கல்லில் நீர் விட்டு நான்கு இழுப்பு. ஒரே இடத்தை மூன்றாம் முறை நேராக்கும்போது விரிசல் விழலாம், அப்போதுதான் அரம். எந்தக் காரணத்துக்காகவும் வாயை அடுப்பில் காட்டக் கூடாது. சுத்தியல் ஏற்றிய கடினம் முழுவதும் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இன்னொரு வாளோடு வாய்க்கு வாய் மோதவிடுவது பற்றி: எஃகு வாளோடு வேண்டவே வேண்டாம். வெண்கலத்துக்கு வெண்கலம் என்றாலும் நேர் மோதல் மி.மீ. கணக்கில் பள்ளம் வைக்கும். 2020இல் ஆய்வாளர்கள் சிலர் நகல் வாள்களைத் தேர்ந்தவர்களிடம் கொடுத்து மோதவிட்டு, விழுந்த தழும்புகளை அசல் வாள்களின் தழும்புகளோடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அன்றைய வீரர்கள் கண்டபடி அடித்துக்கொள்ளவில்லை, வாயைக் காக்கும் முறையில் பயின்று வாளை வாளால் கட்டிப் பிடித்துத் திருப்பினார்கள் என்பது அந்தத் தழும்புகளின் சாட்சியம். உலோகத்தின் எல்லை தெரிந்தவர்கள் சண்டை போட்ட விதம் அது.

இப்போது பிடி. இங்கேதான் மனத்தாங்கல். வெண்கல வாளின் வரலாற்றைச் சுருக்கினால் அது பிடியும் உடலும் சேரும் இடத்தின் வரலாறுதான். எவார்ட் பார்க்குக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய நீண்ட ஒல்லி வாள்களில் பிடிக்குள் நாக்கே கிடையாது. வாளின் அகன்ற தலையில் இரண்டு மூன்று ஆணி அடித்து மரப்பிடியைக் கோத்தார்கள். அயர்லாந்தின் லிசேனில் கிடைத்த வாள் ஏறத்தாழ 80 செ.மீ. நீளம், அத்தனை அழகு. ஆனால் அந்த வகை வாளைப் பக்கவாட்டில் வீசினால் முழு விசையும் ஆணித்துளைகளின் ஓரத்தில் வந்து விழும். துளை ஓரம் கிழிந்த வாள்கள் அருங்காட்சியகங்களில் நிறைய. அதற்கு மருந்தாக வந்ததுதான் பிடி வழியே ஓடும் நாக்கும் அதன் ஓர வரம்பும். வரம்பு மரக்கட்டையை இருபுறமும் அணைத்துப் பிடிப்பதால் வீச்சின் விசையை வரம்பு தாங்கும். கட்டை நழுவாமல் நிறுத்துவது மட்டும்தான் ஆணியின் வேலை.

அப்படியென்றால் கட்டை வரம்புக்குள் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இந்த நகலில் வலப்பக்கக் கட்டைக்கும் வரம்புக்கும் இடையில் ஒரு அஞ்சலட்டை நுழைகிறது. அந்த இடைவெளியை எப்பாக்சிப் பசையால் நிரப்பி, ஆணியாக வெறும் பித்தளைக் கம்பித் துண்டுகளைச் செருகி, இரு முனையும் தட்டாமல் கட்டையோடு சமமாக அரவிவிட்டிருக்கிறார்கள். தலை விரியாத ஆணி ஆணியல்ல. வாழைமரச் சோதனை முடிந்ததும் கட்டை கிறீச்சிட ஆரம்பித்தது, தோளருகே பசைக்கோடு வெண்மையாக விரிந்தது. 12 விழுக்காட்டு வெண்கலத்தைத் தோண்டித் துருவி அடித்துக் கொடுத்த கைகள், பத்து நிமிட ஆணி வேலையில் ஏன் சோம்பின என்பது புரியவில்லை.

சரிசெய்வது சுலபம். பழைய கட்டையை எடுக்க முடி உலர்த்தும் கருவியின் சூடே போதும். எப்பாக்சி 100 டிகிரிக்குள் இளகும், வெண்கலத்துக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. புதுக் கட்டைக்கு நன்றாக உலர்ந்த பூவரசு அல்லது பலா. ஓக் வேண்டாம்: அசலுக்கு ஓக்தான் பொருத்தம் என்று தோன்றும், ஆனால் அது வெளிவிடும் அசெட்டிக் அமிலம் மூடிய உறைக்குள் உலோகத்தை அரிக்கும். ஆணிக்குச் செம்புக் கம்பி, துளையைவிட 0.1 மி.மீ. மெலிந்தது. இரு பக்கமும் கம்பி விட்டத்தில் ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்பியை முதலில் சிவக்கக் காய்ச்சி இளக்கிவிட்டு, கட்டையின் துளைவாயை லேசாகக் குழித்து, சிறு சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி தலையை விரிக்கவும். ஒரே அடியில் முடிக்கப் பார்த்தால் கட்டை இழையோடு பிளக்கும். தோள் ஆணிகளை முதலில், பிடி ஆணியைக் கடைசியில். மழைக்காலத்தில் கட்டை ஊதும், கோடையில் சுருங்கும். உலர்ந்த மாதத்தில் பொருத்தினால் பிறகு தளராது.

களிம்பு இதைவிடப் பெரிய தவறு. பழமைத் தோற்றம் வேண்டும் என்பவர்களுக்காகப் பச்சை ஏற்றிய வகையை அதே விலையில் தருகிறார்கள். நமக்கு வந்தது அதுதான். உப்பும் அமிலமும் பூசி ஈரத்தில் வைத்து ஒரு வாரத்தில் ஏற்றிய பச்சை. ஈரத் துணியால் துடைத்தாலே துணியில் வருகிறது. தோற்றம் போகட்டும், அடியில் தங்கும் குளோரைடு ஆபத்து. ஈரமும் காற்றும் கிடைத்தவுடன் அது செம்பைத் தின்று, வெளிர்ப்பச்சைப் பொடியாக வெடித்து, மீண்டும் உள்ளே போகும். அருங்காட்சியகக்காரர்கள் வெண்கல நோய் என்று அஞ்சுவது இதைத்தான். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இந்த நோய்க்கு வருடம் முழுக்கத் திருவிழா.

இருக்கிறதா என்று பார்க்க: மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு ஓரத்தில் நனைத்த பஞ்சு, தொடாமல் வாள், இரண்டு நாள். புதிதாகப் பளிச்சென்ற பச்சைப் புள்ளிகள் முளைத்தால் நோய் இருக்கிறது. இது அசல் தொல்பொருள் அல்ல என்பதால் தயங்காமல் முழுப் பச்சையையும் வெறும் உலோகம் வரை தேய்த்து எடுத்துவிடலாம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நாளொரு முறை நீர் மாற்றி ஒரு வாரம் ஊறவைத்து, துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைக்கவும். தேய்க்கப் புளியும் உப்பும் எடுப்பது நம் கைப்பழக்கம். குத்துவிளக்குக்குச் சரி, இங்கே அந்த உப்புதான் மறுபடி நோய். நீர் கலந்த நுண்சுண்ணக்கட்டித் தூள் போதும். கடைசியில் தேங்காயெண்ணெயும் பூசாதீர்கள். அதன் கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பிசுபிசுத்த பச்சையாகும். மெழுகை மெல்லிதாகப் பூசித் துணியால் பளபளக்கத் தேய்த்துவிட்டு, ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பித்தால் ஆண்டுகள் ஓட ஓட வாள் தானே பழுப்பேறும். பழமைக்கு அந்தப் பழுப்புதான் உண்மையான நிறம். பயன்பாட்டில் இருந்த காலத்தில் எந்த வாளும் பச்சையாக இருந்ததில்லை, பொன்போல மின்னியிருக்கும்.

வேறு நகல்களோடு ஒப்பிட்டால்: சீனத்துக் கோஜியான் மன்னரின் வாள் என்று இணையக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. 1965இல் ஹூபெய் மாகாணத்தில் வாங்ஷான் கல்லறையிலிருந்து எடுத்த அசல், சுமார் 56 செ.மீ., வாய்ப்பகுதியில் வெள்ளீயம் கூடுதலாக உள்ள அற்புதம். அந்நாட்டில் முதுகைக் குறைந்த வெள்ளீயத்தில் தனியாக வார்த்து, அதைச் சுற்றி வெள்ளீயம் மிகுந்த வாயை இரண்டாவது முறை வார்க்கும் கலை இருந்தது. வளையாத வாயும் முறியாத முதுகும் ஒரே வாளில். இன்று அதைச் செய்து விற்கும் நகல் ஏறக்குறைய இல்லை. கவோகோங்ஜி என்ற பழஞ்சீன நூலின் சூத்திரப்படி வார்த்தது என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பெரிய வாள்களுக்கு "உலோகத்தை மூன்றாக்கி அதில் ஒன்று வெள்ளீயம்" என்கிறது அந்த நூல். எப்படிக் கணக்கிட்டாலும் 25 விழுக்காட்டுக்குக் குறையாது, கண்ணாடிபோல உடையும். அதில் வரும் 'உலோகம்', 'வெள்ளீயம்' என்ற இரு சொற்களும் தூய செம்பையும் வெள்ளீயத்தையும் குறிக்கவில்லை, முன்கூட்டியே கலந்து வைத்த கலவைகளைக் குறிக்கின்றன என்று 2022இல் ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். சின் பேரரசரின் மண்சிப்பாய்ப் படை ஆயுதங்களுக்குக் குரோமிய முலாம் பூசியிருந்தது என்ற விளம்பர வாசகமும் செல்லாது. அந்தக் குரோமியம் பக்கத்தில் இருந்த அரக்குப் பூச்சிலிருந்து வந்தது, ஆயுதங்களைக் காத்ததில் மண்ணின் தன்மைக்குப் பெரும் பங்கு என்று 2019இல் தெளிவாகிவிட்டது.

சிலிக்கன் வெண்கலத்தில் வார்த்த நகல்கள் நடுத்தர விலையில் வருகின்றன. ஊசித்துளை இல்லாத சுத்தமான வார்ப்பு, சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். ஆனால் அதில் வெள்ளீயம் இல்லை, நிறமும் ஓசையும் வேறு. உள்ளூரில் சிலை வார்ப்பவர்களிடம் செய்யச் சொல்லலாமா என்றால், மெழுகு வார்ப்பில் அவர்களுடைய கை இதைவிட நுட்பமானது. ஆனால் சிலைக் கலவையில் பித்தளையும் ஈயமும் சேர்வதால் வாய் அடிக்கும்போது பிளக்கும். கட்டிச் செம்பும் கட்டி வெள்ளீயமும் நீங்களே வாங்கிக் கொடுத்து, செம்பு உருகிய பிறகே வெள்ளீயத்தைப் போடச் சொல்ல வேண்டும். ஊற்றும்போது கொஞ்சம் எரிந்து கழியும் என்பதால் 12க்கு 12.5 என்று நிறுத்துக் கொடுப்பது நல்லது.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள பட்டியலில் வாள் இருக்கிறது. நகல் என்றாலும் கூர் ஏற்றியதைச் சுங்கத்தில் நிறுத்த முடியும், ஆகவே அனுப்பச் சொல்லும் முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய் அடித்து, ஆனால் தீட்டாமல் 1 மி.மீ. மொட்டையாக விடச் சொன்னால் பட்டறை அப்படியே செய்து தருகிறது. ஆர்டரில் எழுதவேண்டியவை நான்கு: வெறும் உடல், பச்சை வேண்டாம், வாய் அடித்தது ஆனால் தீட்டாதது, துளைகள் 5 மி.மீ. செம்புக் கம்பிக்கு.